பதினெட்டில் ஒரு பங்கு சொந்த ஊர்!

எந்த ஆபீஸில் சேர்ந்தாலும் முதல் நாள் ஒரு ஃபாரம் தருவார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி... அப்புறம் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். யாரும் யோசிப்பதில்லை. மன்னார்குடி, சாத்தூர், திண்டிவனம் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுவோம். எல்.டி.சி. கிளெய்ம் பண்ணும்போதுதான் அந்தக் கட்டத்தின் அருமை தெரியும்!

எங்கள் அத்தானுக்கு அந்தக் கட்டத்தை நிரப்புவது அவ்வளவு சுலபமில்லை. பிறந்தது பாரிஸ். அப்பா, அம்மா பிறந்தது குவாதலூப் என்ற கரீபியன் தீவு. அவர்களுடைய முப்பாட்டன் கப்பல் ஏறியது நம்ம காரைக்கால்.

“வெஸ்ட் இண்டீஸா? எந்த பௌலர் ஊரு?” என்றான் என் நண்பன். பௌலர் இல்லை ஸார். இது பிரெஞ்சுக்காரர்களின் தீவு, ஃபுட்பால்தான் உசிர். 1998-ல் பிரான்ஸ் உலகக் கோப்பை வாங்கியபோது செமிஃபைனலில் இரண்டு கோல் போட்டாரே லிலியான் துராம், அவர் பிறந்த மண்.

என் அக்கா பாண்டிச்சேரியிலிருந்து பாரிஸுக்குப் படிக்கப் போனவள், அங்கேயே இந்த அத்தானைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். “ஜாதகம் பார்த்தியா?” என்று அம்மா கேட்டதற்கு, “அவங்க வீட்லயும் மாரியம்மன் கும்பிடறாங்க, போதும்ல?” என்றாள். அம்மா வாயடைத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

போன வருஷம் நான் பாரிஸுக்குப் போயிருந்த சமயம், அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூட லீவு. அத்தான் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். “நீயும் வாடா. அங்க ஒரு சொத்துக் கணக்கு இருக்கு. பி.காம். படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா?” என்றாள் அக்கா. ஆக நான், அக்கா, அத்தான், பதினாலு வயது மருமகள், அத்தானின் அம்மா. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வயது 78.

உள்நாட்டு விமானம்!

பாரிஸிலிருந்து 6,700 கிலோமீட்டர். எட்டரை மணி நேரம். கீழே முழுக்க முழுக்கக் கடல். ஆனால் அத்தானுக்கு இது உள்நாட்டுப் பயணம்! 1946-லிருந்து குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம். அதே யூரோ, அதே தபால் பெட்டி, அதே போலீஸ். நாம் சென்னையிலிருந்து மதுரைக்குப் போவது மாதிரி அவர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறார்கள். எனக்கு மட்டும் விசாவில் ‘கடல்கடந்த பகுதிக்கும் செல்லும்’ என்று தனியாக ஒரு வரி தேவைப்பட்டது. முப்பாட்டன்கள் ஒரு கைநாட்டில் போன ஊருக்கு எனக்கு ஒரு ஃபைல் நிறையக் காகிதம்!

மேலிருந்து பார்த்தால் தீவு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். ஒரு சிறகு தட்டையான கரும்புக்காடு. இன்னொரு சிறகு மலையும் மழையும். உச்சியில் 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் என்ற எரிமலை. நடுவில் ஒரு ஒடுக்கமான உப்பு வாய்க்கால். விமானத்தை விட்டு இறங்கியதும் முகத்தில் அறைந்தது பாருங்கள் ஒரு புழுக்கம்... சத்தியமாகச் சொல்கிறேன், கடலூர் பஸ் ஸ்டாண்டுதான்! கோட்டு போட்டிருந்த அத்தான் தவித்தார். நான் சட்டையில் ஒரு பட்டனைக் கழற்றிவிட்டு, “ஆஹா!” என்றேன்.

“பாத்தியா, ஊர்க்காரன் நீயா அவரா?” என்று சிரித்தாள் அக்கா.

மலைச் சிறகின் கிழக்கு ஓரத்தில் கப்பெஸ்தேர் என்ற ஊர்தான் அத்தானின் பூர்வீகம். வழி நெடுக வாழைத் தோட்டம். ஒவ்வொரு தாருக்கும் நீல பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது, யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. அத்தை ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்.

ஒரு சின்ன கணக்கு

இங்கே கொஞ்சம் சரித்திரம். கொட்டாவி வராது, எனக்கு இதெல்லாம் காஸ்ட் அக்கவுண்டன்ஸியாகத்தான் தெரிகிறது.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் சுதந்திர மனிதர்கள் ஆனார்கள். சுதந்திர மனிதன் என்ன கேட்பான்? சம்பளம் கேட்பான். கரும்பு முதலாளிகளுக்கு அது கசந்தது. சம்பளத்தை உயரவிடாமல் வைக்க வேறு ஆள் வேண்டும். எங்கே கிடைக்கும்? பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கிடைக்கும்! 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் முந்நூற்றுச் சொச்சம் பேரைக் குவாதலூப்பில் இறக்கியது. கடைசிக் கப்பல் 1889-ல். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். நடுவில் வந்தவர்கள் மொத்தம் 42,000க்கும் மேல். ஆட்கள் படுகிற பாட்டைப் பார்த்து, நம்மை ஆண்ட வெள்ளைக்காரனே 1888-ல் ‘இனி அனுப்புவதில்லை’ என்று நிறுத்தினான் என்றால் நிலைமையை யூகித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முடிந்தால் திரும்பக் கப்பல் உண்டு என்று எழுதியிருந்தது. உண்மையில் ஊர் திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்கு மேல் அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். மிச்சம் இருந்தவர்களின் பெயர்களைப் பிரெஞ்சு குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முத்துசாமி ‘முத்துஸ்ஸமி’ ஆனார், ராமசாமி ‘ரமஸ்ஸமி’. அந்த ஒற்றைப் பெயரே வம்சத்துக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. நம்மூர் ரேஷன் கார்டில் பேர் தப்பாகப் போனதற்கே நாம் எத்தனை தடவை நடக்கிறோம்!

இன்னொரு வார்த்தையும் தங்கிவிட்டது: ‘கூலி’. நமக்கு அது வேலைக்குக் கிடைக்கிற காசு. அங்கே அது வசவு. “ஸ்கூல்ல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க” என்றார் அத்தை. அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்த வசவுக்கு எதிராகக் கோர்ட் படி ஏறியவர் இதே கப்பெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஆன்ரி சிதம்பரம். இந்தியர் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை என்றபோது 1904-ல் வழக்கு ஆரம்பித்தார். ஜெயித்தது 1923-ல். பத்தொன்பது வருஷம்! சிதம்பரம் ரகசியம் தெரியும், இந்தச் சிதம்பரத்தின் பிடிவாதம் எனக்கு அன்றுவரை தெரியாது.

சரி, இவ்வளவு பாடுபட்டு வேர் விட்ட மண்ணை அத்தை ஏன் விட்டார்? 1960-களில் கரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தன. வேலை இல்லை. 1963-ல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு அமைப்பைத் தொடங்கியது. தீவுக்காரர்களைப் பாரிஸுக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரி, தபால், ரயில்வே என்று கீழ்மட்ட வேலைகளில் அமர்த்துவது அதன் வேலை. பெயர் ‘புமிதோம்’. பூமியை விட்டுப் போகச் சொன்ன ஆபீஸுக்கு என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்! அத்தை 19 வயதில் அதன் மூலம் போய் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார். அப்புறம் பரீட்சை எழுதி நர்ஸுக்கு உதவியாளர். “ரெண்டு வருஷம் சம்பாதிச்சிட்டு வந்துடறேன்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன்” என்றார். அந்த முப்பாட்டனும் தன் அம்மாவிடம் ஐந்து வருஷம் என்றுதான் சொல்லியிருப்பார்.

கொலும்போவும் குழம்பும்

வீட்டு வாசலில் எங்களை வரவேற்றவர் அத்தானின் பெரியப்பா பெண். அறுபதைத் தாண்டியவர். அவருடைய கணவர் ஆப்பிரிக்க வம்சாவளி, காலமாகிவிட்டார். என் சொந்த அக்காவோடு குழம்பாமல் இருக்க ‘தீவு அக்கா’ என்று வைத்துக்கொள்வோம். மரப்பலகைச் சுவர், தகரக் கூரை, சுற்றிலும் வராந்தா. வாசலில் துளசி இல்லை, ஆனால் வேப்பமரம் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு ‘கொலும்போ’. இலங்கைத் தலைநகர் இல்லை ஸார், நம்ம குழம்பு! ஆட்டுக்கறி, மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு போட்டு அரைத்த பொடி. இன்று இது தமிழர் வீட்டுச் சாப்பாடு மட்டுமல்ல. தீவில் கறுப்பர், வெள்ளையர் எல்லோர் வீட்டிலும் விருந்தென்றால் கொலும்போதான். பக்கத்தில் பாகற்காய் வதக்கல். அதற்கு அங்கே ‘பரோக்கா’ என்று பெயர்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, ப்ளஸ் டூவில் மார்க்குக்காகப் படித்தது. தீவு அக்கா பேசுவது கிரியோல். ஆனாலும் அன்றைக்கு நாங்கள் சாப்பாட்டு மேஜையில் மஞ்சள், குழம்பு, பாகற்காய் என்று வார்த்தைகளைப் பரிமாறிக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினோம். மருமகள் போனிலிருந்து தலையை நிமிர்த்திக் கவனித்தாள். பதினாலு வயதுக்கு அது பெரிய மரியாதை!

சாயங்காலம் ஷாஞ்சி கோயிலுக்குப் போனோம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே வண்ண வண்ணச் சிலைகளோடு நம்மூர் கோயில் மாதிரி நிற்கிறது. மாரியம்மன் அங்கே ‘மாலியெமென்’. மதுரைவீரன் ‘மால்தெவிலின்’. அடிக்கிற மேளம் ‘மத்தலோம்’, வேறென்ன, மத்தளம்தான். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு பாடினார். முடித்துவிட்டு என்னிடம் வந்து, “நீங்க இந்தியாவிலேர்ந்து வர்றீங்களாமே. என் தாத்தா சொல்லிக்கொடுத்தது. என்ன அர்த்தம்னு சொல்றீங்களா?” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. நூற்றைம்பது வருஷமாக வாய்க்கு வாய் மாறி வந்த தமிழ். ‘தாயே’ என்பது மட்டும் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. “அம்மாவைக் கூப்பிடறீங்க” என்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்தார். “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான் எனக்குத் தெரியுது” என்றேன். தமிழ் படித்தவன் நான், அர்த்தம் தெரியாமலேயே காப்பாற்றி வைத்தவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு கும்பிட்டேன்.

நோத்தேர் ஆபீஸில்

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு ‘நோத்தேர்’ என்றால் விளக்கவேண்டாம். மற்றவர்களுக்கு: பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம் பார்க்கிற பிரெஞ்சு நோட்டரி. விஷயம் இதுதான்.

அத்தானின் தாத்தா விட்டுப்போன வீடும் நிலமும் சேர்த்து 1,800 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 44 சென்ட். தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள். பாகம் பிரிக்கவே இல்லை. குவாதலூப்பிலும் பக்கத்து மார்த்தினிக்கிலும் இப்படி ஆயிரக்கணக்கான சொத்துகள் முடங்கிக் கிடந்தன. எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும் என்ற நிலை. வாரிசு ஒருத்தர் மார்செய்ல், ஒருத்தர் மார்த்தினிக், ஒருத்தர் எங்கே என்றே தெரியாது! இதற்காகவே 2018 டிசம்பரில் கடல்கடந்த பகுதிகளுக்கு ஒரு தனிச் சட்டம் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் பிரிக்கப்படாத சொத்தென்றால், பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்து விற்கலாம். யாராவது ஆட்சேபித்தால் கோர்ட்.

மூன்று குடும்பம், “வித்துடலாம்”. இரண்டு குடும்பம், “கூடாது”. மூன்று என்பது சரிபாதி. சட்டம் கேட்பதோ பாதிக்கு மேல்! ஆக, ஆறாவது குடும்பமான அத்தான் கையில் முடிவு. அத்தைக்கு உள்ள உரிமையைத் தனியே வைத்துவிட்டால், அத்தானுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் ஆளுக்குப் பதினெட்டில் ஒரு பங்கு. நூறு சதுர மீட்டர். அரை கிரவுண்டுகூட முழுசாகத் தேறாது!

நான் கால்குலேட்டரை எடுத்தேன். அத்தானுக்குப் பாரிஸ் ஃப்ளாட் கடன் இருக்கிறது. நிலத்திலும் ஒரு வில்லங்கம், அது மண்ணிலேயே இருந்தது. வாழையில் கூன்வண்டைக் கொல்ல ‘குளோர்டெகோன்’ என்ற மருந்தை 1972-லிருந்து 1993 வரை இந்தத் தீவுகளில் கொட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் 1990-லேயே தடை. இங்கே மட்டும் மூன்று வருஷம் கூடுதல் சலுகை! அந்த விஷம் லேசில் அழியாது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. மரத்தில் காய்ப்பது பரவாயில்லை, மண்ணுக்குள் விளைகிற கிழங்கு ஆபத்து. தீவு அக்கா தோட்டத்தில் சேம்பு போடுவதை விட்டே பல வருஷம் ஆகிறது.

“வித்துடுங்க அத்தான். கணக்குப்படி அதுதான் சரி” என்றேன். பி.காம். முதல் வகுப்பு பேசியது. தீவு அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கிறவன் முகத்தைப் பார்க்கமாட்டான்.

“நாளன்னிக்கு சொல்றேன்” என்று எழுந்தார் அத்தான்.

நவம்பர் ஒன்று

மறுநாள் நவம்பர் 1. தீவு முழுக்கக் கல்லறைத் திருநாள். அங்கே கல்லறைகளுக்கு வீடு மாதிரி ஓடு பதிப்பார்கள். மோர்ன்-அ-லோ என்ற ஊரில் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, செஸ் போர்டு மாதிரியே இருக்கும். கத்தோலிக்கர், மாரியம்மன் கும்பிடுகிறவர் என்ற பேதமெல்லாம் அன்றைக்கு இல்லை. ஒரே குடும்பத்தில் இரண்டும் உண்டு. பொழுது சாயும்போது ஜனம் கூட்டம் கூட்டமாக வந்து மெழுகுவத்தி ஏற்றும். அழுகை இல்லை. குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் சிரித்துப் பேசுகிறார்கள். எனக்குத் திருக்கார்த்திகை ஞாபகம்தான் வந்தது.

முந்தின நாள் நோத்தேர் ஆபீஸில் முறைத்துக்கொண்ட ஆறு குடும்பமும் ஒரே கல்லறையைச் சுற்றி நின்றது. அத்தை முழங்கால் போட்டு ஓட்டைத் துடைத்தார். ஆஸ்பத்திரியில் துடைத்த கை, வேகமாகத் துடைத்தது. அப்புறம் நிமிர்ந்து, “இது யார் வெள்ளை அடிச்சது?” என்று கேட்டார்.

“நான்தான் சித்தி. வருஷா வருஷம்” என்றார் தீவு அக்கா. “உங்க எல்லார் பேர்லயும் ஒரு மெழுகுவத்தி. அங்கேர்ந்து வரமுடியாதவங்களுக்கு.”

பையிலிருந்து மெழுகுவத்தி எடுத்து எண்ணி வைத்தார். பாரிஸுக்கு இத்தனை, மார்செய்லுக்கு இத்தனை, மார்த்தினிக்குக்கு ஒன்று. எங்கே இருக்கிறார் என்றே தெரியாத வாரிசுக்கும் ஒன்று. முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படி. நான் போட்ட கணக்கில் இந்த ஐட்டத்துக்குத் தலைப்பே இல்லை ஸார்.

அத்தை மகனைப் பார்த்துக் கேட்டார்: “இவ இங்க இல்லேன்னா, என்னோடத யார் ஏத்துவா?”

விற்காதே என்று சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

அத்தான் மறுநாள் நோத்தேரிடம் போய், தன் பதினெட்டில் ஒரு பங்கைத் தீவு அக்கா பெயருக்கே எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். கடன்? “இருபது வருஷம் கட்டப்போறேன், இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துக் கட்டறேன்” என்றார். பெரிய தங்கை போனிலேயே, “நானும் அண்ணன் பக்கம்” என்றாள்.

இதோடு ‘சுபம்’ போட ஆசைதான். ஆனால் படித்த படிப்பு விடவில்லை. பாதியைத் தாண்ட அந்த மூன்று குடும்பத்துக்கு இன்னும் ஒரே ஒரு பதினெட்டு போதும். அது சின்னத் தங்கையின் கையில். லியோனில் வாடகை வீடு, இரண்டு குழந்தைகள், தனி ஆள். பணத்தின் அருமை தெரிந்தவள். தீவைக் குழந்தையில் பார்த்ததோடு சரி. “அடுத்த நவம்பர்ல நானே வந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்றிருக்கிறாள். வந்து பார்க்கட்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

திரும்பும் விமானத்தில் மருமகள் என்னிடம், “மாமா, அப்ப எனக்குச் சொந்த ஊர் எது? பாரிஸா, குவாதலூப்பா, பாண்டிச்சேரியா?” என்றாள்.

“ஃபாரத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. பொடி எழுத்துல மூணையும் எழுது” என்றேன். வேறென்ன சொல்ல?

கிளம்பும்போது தீவு அக்கா ஒரு பொட்டலம் கொலும்போப் பொடி கொடுத்திருந்தார். பாண்டிச்சேரிக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். பிரித்து முகர்ந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

“எல்லாம் சரியாத்தான்டா இருக்கு. கொத்தமல்லி, சீரகம், வெந்தயம்... மிளகாய் மட்டும் போட மறந்துட்டாங்க!”

“நூத்தம்பது வருஷம் ஆச்சும்மா.”

“அதனாலென்ன, நான் போட்டுக்கறேன்” என்று அடுப்படிக்குள் போனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பு மணத்தது. தீவு அக்காவின் பங்கும் அதில் உண்டு. பதினெட்டில் எத்தனை என்று மட்டும் நான் கணக்குப் போடவில்லை.